ஒரே நிறத்தில் ஓர் அடை

என் அக்கா தாணம்மாளைக் கோழிப் பைத்தியம் என்று சொன்னவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். நான் ஒருத்தன்தான் பாக்கி. ஆகவே நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பைத்தியம் இல்லை. எட்டு வருஷம் ஒரு கணக்கைத் தலைகீழாகப் போட்டாள், அவ்வளவுதான். அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுக் கொடுத்தவன் நான். அதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டாம்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு பத்மநாபபுரம் கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்தது. அத்தான் வைகுண்டராஜன் அய்யாவழிக் குடும்பம். நெற்றியில் நாமம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைக்காரர் பங்களா ஒன்றில் தோட்டவேலை பார்த்தார். 1947-ல் அந்தப் பங்களாத் துரைசானி சீமைக்குக் கப்பலேறும்போது, ஆசையாக வளர்த்த குள்ளக்கோழி ஜோடியை அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் வாயில் அது பேண்டம். எங்களுக்குக் குள்ளக்கோழி. ஒரு சேவல், ஒரு பெட்டை. புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் நடையில் தாசில்தார் தோற்றார். இரண்டும் சாம்பல் நிறம். லேசாக நீலம் ஓடிய நல்ல சாம்பல்.

அந்த ஐப்பசி மழையில் அக்கா மகள் முத்துக்கனிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வயசு. நான்கு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேளிமலை அடிவாரத்தில் இருக்கிற எங்கள் குடும்பத்துச் சுடலைமாடன் பீடத்துக்கு நடந்தாள். நான் குடை பிடித்தேன். எனக்கு அப்போது இருபது வயசு.

சாமிக்கு நேர்ச்சை என்றால் ஒரு சேவல் என்பார்கள், மிஞ்சினால் ஒரு கிடா என்பார்கள். அக்கா அப்படிச் சொல்லவில்லை. "எனக்க பிள்ள எழும்பி நடக்கணும். நடந்தா, எனக்க வீட்டுல ஒரு அடை வச்சு, பொரிச்சது அம்புட்டையும் உனக்கு விட்டுருவேன். எல்லாம் சாம்பல் நிறம். ஒண்ணுகூட வேற நிறம் இருக்காது" என்றாள். சுடுகாட்டுச் சாமிக்குச் சாம்பல்தானே பொருத்தம் என்று நினைத்திருக்கிறாள். அத்தான் வீட்டில் ரத்தப்பலி கூடாது என்பதால், "அறுக்க மாட்டேன், உசுரோட விடுவேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அத்தான் கும்பிடும் அய்யாவுக்கும் குற்றமில்லை, மாடனுக்கும் குறையில்லை. கொட்டுகிற மழையில் நின்று இவ்வளவும் யோசித்திருக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் கையில் இருந்த ஜோடியை அவள் அதுவரை ஒருமுறைகூட அடை வைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் பிள்ளை கண் திறந்தது, கஞ்சி குடித்தது, சிரித்தது. பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, இடது கால் துணிபோலத் தொங்குகிறது என்று. இளம்பிள்ளை வாதம்.

"பாதி குடுத்திருக்கு. நேர்ச்சையத் தீத்தா மீதியும் வரும்" என்றாள் அக்கா. அழவில்லை. கூடையில் உமி பரப்பி எட்டு முட்டை வைத்து, பெட்டையைத் தூக்கி உட்கார வைத்தாள்.

இருபத்தொரு நாளில் எட்டும் பொரித்தன. நாலு சாம்பல். இரண்டு கருப்பு. இரண்டு வெள்ளை, அதில் மை தெளித்ததுபோலப் புள்ளி.

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று நம் ஆட்கள் கேட்பார்கள். முளைத்தது. நூலைப் போலச் சேலை என்பார்கள். இங்கே நூல் ஒன்று, சேலை மூன்று. பழமொழி சொன்ன எவனும் குள்ளக்கோழி வளர்த்ததில்லை.

இரண்டாவது அடையில் ஆறு பொரித்தன. மூன்று சாம்பல். மூன்றாவதில் ஒன்பது, சாம்பல் ஐந்து. எப்படி வைத்தாலும் பாதிதான் வந்தது. இதை அக்கா எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு கால் தந்த சாமி, அடையிலும் பாதி தந்து பேசுகிறது என்று நம்பினாள். "நான் பாதி தந்தேன், நீயும் பாதிதானே தந்த எண்ணு கேக்குது. மனசுல எங்கேயோ கறை இருக்கு எனக்கு" என்பாள். அதற்காக விரதம் இருந்தாள். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீரோடு கிடந்தாள். அடை வைத்த இருபத்தொரு நாளும் அத்தானைத் தனியாகப் படுக்கச் சொன்னாள். மறுபடியும் பாதி.

"அய்யா நம்மகிட்ட கோழி கேக்கல்ல, தாணு" என்று அத்தான் ஒருநாள் மெல்லச் சொன்னார்.

"கேட்டவருகிட்டதான் நான் சொன்னேன்" என்றாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கருப்பையும் புள்ளி வெள்ளையையும் அவள் வீட்டில் வைத்திருக்க மாட்டாள். சாமி வேண்டாம் என்று தள்ளியது வீட்டில் இருக்கலாமா? இறகு முளைத்ததும் பிடித்துக் கொடுத்துவிடுவாள். சாம்பல் சேவலுக்குச் சாம்பல் பெட்டையாகவே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தாள். எவ்வளவு சுத்தமாகச் சேர்த்தாளோ அவ்வளவுக்குப் பாதி வந்துகொண்டிருந்தது.

தள்ளியவற்றில் பலதும் வேலிக்கு அந்தப் பக்கம் குளோரி அக்கா வீட்டுக்குத்தான் போயின. குளோரி அக்கா நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆயா. வாய் நீளம், கை அதைவிட நீளம். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக நிற்பாள். முத்துக்கனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

"ஏட்டி தாணு, பிள்ளைய நெய்யூருக்குக் கொண்டு வா. காலுக்குச் சட்டம் வச்சுக் கெட்டி, தினமும் நீட்டி மடக்கிப் பழக்குவாவ. எலும்பு முத்துகதுக்குள்ள செய்யணும். நான் கூட நிக்கேன்."

அக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "நேர்ச்சை தீரட்டும். சாமிகிட்ட ஒண்ணு சொல்லீற்று இடையில வேற ஆளுகிட்டப் போனா, நம்பல்ல எண்ணு ஆகும்" என்றாள். குளோரி அக்கா விடவில்லை. வாரம் ஒருமுறை வேலிக்கு மேலே தலை நீட்டி இதையே சொன்னாள். அக்காவும் இளகி வந்தாள். 1950 சித்திரை முடிந்ததும் போகலாம் என்று பேச்சு.

அந்தச் சித்திரையில்தான் அது நடந்தது. குளோரி அக்காவிடம் அப்போது இருந்தது ஒரு கருப்புப் பெட்டையும் ஒரு புள்ளி வெள்ளைச் சேவலும். இரண்டும் எங்கள் அக்கா தள்ளியவை. அந்தப் பெட்டை அடை கிடந்து பத்துக் குஞ்சு பொரித்து வெளியே கூட்டி வந்தது. பத்தும் சாம்பல்.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். இரண்டு முறை எண்ணினாள். சாம்பலும் சாம்பலும் சேர்ந்து தராததைக் கருப்பும் வெள்ளையும் எப்படித் தரும்? அவளுக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது.

"எனக்க அடையில வர வேண்டியத நீ இழுத்துக்கிட்ட" என்றாள்.

குளோரி அக்கா முதலில் சிரித்தாள். "போடி, ஒனக்க கோழிதானே. வேணும்னா பத்தையும் எடுத்துக்கிடு."

"எனக்க வீட்டு அடை எண்ணுல்லா சொல்லியிருக்கேன். இது தெரிஞ்சுதான் நீ செய்வினை வச்சிருக்க. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிற்றுப் போறேன் எண்ணு சொன்னதும் இதுக்குத்தானா?"

ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவளைப் பார்த்துச் செய்வினை என்றால் பொறுப்பாளா? வாய்க்கு வாய் வளர்ந்தது. நான் நடுவில் போய் விலக்கியிருக்க வேண்டும். விலக்கவில்லை. எனக்கும் பத்தும் சாம்பலாக நிற்பது கண்ணை உறுத்தியது. "ஆமா, இல்லாட்டி எப்படி வரும்" என்று நானும் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் கடித்துத் துப்ப முடியவில்லை. மறுநாளே குளோரி அக்கா கோழிகள் அத்தனையையும் தக்கலைச் சந்தையில் தள்ளிவிட்டாள். வேலி ஆறடிக்கு ஏறியது. ஆஸ்பத்திரிப் பேச்சு அத்தோடு நின்றது.

முத்துக்கனி கையை ஊன்றி இழுத்து இழுத்து நகரப் பழகினாள். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு புத்தி என்கிறீர்கள். முட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைத் தள்ளுவது, கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்துக்குள் ஆளை எண்ணுவது எல்லாம் அவள்தான். ஒவ்வொரு பொரிப்புக்கும் முதல் சேதி அவள் வாயில்தான் வரும். "அம்மா, இந்தத் தடவையும் பாதிதான்" என்பாள், ஏதோ தான் செய்த தப்புபோல.

ஒருமுறை கிட்டத்தட்ட வந்தது. ஏழு பொரித்து ஆறு சாம்பல், ஒன்றே ஒன்று கருப்பு. "சவத்த, அந்த ஒண்ணக் கழுத்தத் திருகிப் போடு. ஆருக்குத் தெரியும்?" என்று நான் சொன்னேன்.

"சாமிக்கு என்ன, கண்ணு பொட்டையா?" என்றாள். அந்தக் கருப்புக் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுது நான் பார்த்தேன்.

எனக்குக் கால்நடைத் துறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1955-ல் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் பக்கம் அனுப்பினார்கள். ஒரு மலையாளத்து வாத்தியார் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, இறகு நிறம் எப்படி இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் தூங்கி விழுந்துகொண்டிருந்தோம். சாம்பல் கோழி என்று அவர் சொன்னதும் நிமிர்ந்தேன்.

சாம்பல் தனி நிறமே இல்லையாம். குஞ்சுக்குத் தகப்பனிடமிருந்து ஒரு பங்கு, தள்ளையிடமிருந்து ஒரு பங்கு. இரண்டும் கருப்புப் பங்கானால் கருப்பு. இரண்டும் வெள்ளைப் பங்கானால் புள்ளி வெள்ளை. ஒன்று இது, ஒன்று அது என்றால் சாம்பல். சாம்பலைச் சாம்பலோடு எத்தனை தலைமுறை சேர்த்தாலும் பாதிதான் சாம்பல். கால் பங்கு கருப்பு, கால் பங்கு வெள்ளை. அடை முழுக்கச் சாம்பல் வேண்டுமானால் கருப்பையும் புள்ளி வெள்ளையையும் சேர்க்க வேண்டும். ஒன்றுகூடத் தப்பாது.

பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். குளோரி அக்கா வீட்டுப் பத்துக் குஞ்சும் பலகையில் வந்து நின்றன. அக்கா எட்டு வருஷமாகத் தேடியது முழுவதும் அவள் வேலிக்கு அப்பால் தள்ளியதில் இருந்தது. பக்கத்தில் இருந்தவன் என்னடே என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

லீவு எடுத்து ஊருக்கு ஓடினேன். அடுக்களையில் அக்காவை உட்கார வைத்து, வெள்ளை மரச்சீனிக் கிழங்குத் துண்டையும் கரித்துண்டையும் எடுத்துக் காட்டினேன். என் ஒரு கையில் ஒரு கரி, ஒரு மரச்சீனி. அவள் கையிலும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுத்து முத்துக்கனி முன்னால் வைத்தோம். கரியும் கரியும். அடுத்து கரியும் மரச்சீனியும். அடுத்து இரண்டும் மரச்சீனி.

அக்காவுக்கு முன்னால் முத்துக்கனிக்குப் புரிந்துவிட்டது. "மாமா, அப்ப உங்க கையில முழுக்கக் கரி, அம்மைக்க கையில முழுக்க மரச்சீனி எண்ணா, எப்பவும் சாம்பல்தானே?" என்றாள். பத்து வயசு. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது.

அக்கா துண்டுகளைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு கேட்டாள். "அப்ப, நான் நோம்பு இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியா?"

"இல்ல அக்கா."

"குளோரி ஒண்ணும் செய்யல்லியா?"

"இல்ல."

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தாள், சவத்துப் பயல் எனக்கு அதற்கு மேல் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த பொரிப்பில் வந்த கருப்புப் பெட்டையையும் புள்ளிச் சேவலையும் முதல்முறையாகத் தள்ளாமல் வளர்த்தாள். 1956 தை மாசம் அடை வைத்தாள். ஒன்பது முட்டை. ஒன்பதும் பொரித்தன. ஒன்பதும் சாம்பல். அத்தான்கூடப் பஞ்சாரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அக்கா சிரித்தாள். நான் பார்த்து எட்டு வருஷம் ஆன சிரிப்பு அது. ஊர் முழுக்கச் சொன்னாள். தக்கலைக்குப் போய்ச் சீட்டித்துணி வாங்கி, முத்துக்கனியைப் பாயில் நீட்டிப் படுக்க வைத்து அளந்து, நிற்கிற உயரத்துக்கு ஒரு பாவாடை தைத்தாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அக்கா, கோழி வேற, கால் வேற என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பாவாடையின் கரையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சித்திரையில் மாடனுக்குக் கொடைத் திருவிழா. உச்சிப் பொழுது. வில்லுப்பாட்டு உச்சத்தில் இருந்தது, சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் ஏறியிருந்தது. எங்கள் ஊரிலிருந்தே ஐம்பது பேர் வந்து நின்றார்கள், பிள்ளை எழுந்து நிற்பதைப் பார்க்க. அக்கா பனையோலைக் கடவப்பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தாள். ஒன்பதும் வெயிலில் இறங்கிக் கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு, சிந்தியிருந்த அரிசியைக் கொத்த ஆரம்பித்தன. "சொன்னதக் குடுத்துட்டேன்" என்றாள்.

முத்துக்கனியைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். பாவாடை சரியாகக் கணுக்கால் வரை வந்தது. பிறகு கையை எடுத்தாள்.

பிள்ளை வலது காலில் ஒரு மூச்சு நேரம் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு இடது பக்கமாக அப்படியே விழுந்தாள்.

மேளம் நின்றது. கோமரத்தாடி திருநீற்றை வாரி வீசி, "பழைய கடன் இன்னும் ஒண்ணு கெடக்கு" என்று ஆடினார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அக்கா பிள்ளையை எடுத்து மடியில் வைத்து, உதட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணும் இல்ல. சாமி எங்கிட்ட ஒண்ணும் கேக்கவே இல்ல. அது கரியும் மரச்சீனியும்தான்" என்றாள்.

வண்டியில் திரும்பினோம். கோட்டைச் சுவர் தெரிந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை அவள் முகத்தில். "நீ சொல்லித் தராம இருந்திருந்தா, நான் இப்பவும் அடை வச்சுக்கிட்டு இருந்திருப்பேன் மக்கா. பாதி தந்தவன் மீதியும் தருவான் எண்ணு இருந்திருப்பேன்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சாகிற வரை கோழி வளர்க்கவில்லை. மாடன் கொடைக்கும் போகவில்லை, அத்தானோடு அய்யாவைக் கும்பிடுகிற பதிக்கும் போகவில்லை. முப்பது வருஷம் சமைத்தாள், துவைத்தாள், பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவளாக ஒரு பேச்சு எடுத்து நான் கேட்டதில்லை.

கொடை முடிந்த மறுநாள் ஆறடி வேலிக்கு அப்பாலிருந்து குளோரி அக்கா வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு. ஒரு வார்த்தை பழைய கதை பேசவில்லை. "கெளம்புங்க, நெய்யூருக்குப் போலாம்" என்றாள். அக்கா எழுந்திருக்கவில்லை. நானும் குளோரி அக்காவும் முத்துக்கனியைத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனுஷன். காலை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நரம்பு சுருங்கி எலும்பு கோணி முற்றிவிட்டது என்றார். ஐந்து, ஆறு வருஷம் முன்னால் கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். குளோரி அக்கா ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெளி வராந்தா பெஞ்சில் பிள்ளையை உட்கார வைத்தேன். அந்தப் பாவாடையைத்தான் உடுத்தியிருந்தாள். கால் சூம்பிய பக்கம் அது தரையில் புரண்டது. அதை இழுத்துச் சரிசெய்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"மாமா, கோழிக்கு எதையும் எதையும் சேத்தா முழுசா வரும் எண்ணு கண்டுபிடிச்சீங்கல்லா. எனக்க காலுக்கு எதையும் எதையும் சேக்கணும்?"

தக்கலை பஸ் எத்தனை மணிக்கு என்று நான் எதிரில் நின்ற ஆளிடம் கேட்டேன்.